கோலே போடாத பிள்ளைக்குக் கால்பந்தில் என்ன எதிர்காலம்?

ராயக்கோட்டை பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மகள் அரசுப் பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி கால்பந்து அணியில் மிட்ஃபீல்டில், அதாவது நடுக்களத்தில், ஆடுகிறாள். மூன்று வருடத்தில் அடித்தது இரண்டே கோல். தக்காளி மண்டியிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும் "கோலே போடாத பிள்ளைய எதுக்கு வெயில்ல ஓட விடற?" என்று கேட்கிறார்கள். இந்த இடத்தில் ஆடி நாட்டு அணி வரைக்கும் போன பெண்கள் உண்டா, அவர்கள் ஆட்ட வாழ்க்கை எப்படிப் போனது, நம் ஊர்ப் பிள்ளைக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதா?

அண்ணா, உண்டு. நான் தருமபுரியில் படித்து வளர்ந்தவள். மாவட்ட அணியில் நானும் நடுவில்தான் ஆடினேன். இப்போது 16 வருடமாக கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பி.டி. டீச்சர். உங்கள் சொந்தக்காரர்கள் கேட்ட அதே கேள்வியை என் சித்தப்பா எங்கள் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. நீங்கள் விவசாயம் பார்க்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி எழுந்து போய் மடை மாற்றிவிட்டு வருகிறவரை யாரும் பார்ப்பதில்லை. காலையில் வந்து பார்க்கிறவர்களுக்குக் கடைவயல் பச்சையாக இருப்பதுதான் தெரியும். நடுக்களம் அந்த மடை மாற்றுகிற வேலை. பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும். எதிரணி பந்தை எடுத்துவிட்டால் முதலில் ஓடிப்போய் மறிக்கிறவளும் அவள்தான். பெரிய பெண்கள் ஆட்டத்தில் 90 நிமிடத்தில் ஒரு வீராங்கனை சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். நடுக்களத்தில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கும் மேலே ஓடுகிறார்கள். அத்தனை ஓட்டத்தில் பந்து காலில் இருக்கும் நேரம் சேர்த்துக் கூட்டினாலும் சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் இடம் பிடிப்பது, அடைப்பது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. ஸ்கோர் அட்டையில் இதற்கு எந்தக் கட்டமும் கிடையாது.

இந்த வேலையை மட்டும் செய்து, ஆணோ பெண்ணோ வேறு யாரும் எட்டாத இடத்துக்குப் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். என் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லும் கதையும் இதுதான்.

பிரேசில் நாட்டின் சால்வடோர் நகரத்தில் 1978 மார்ச் 3ஆம் தேதி பிறந்தவர். பெயர் மிரைல்டெஸ் மாசியல் மோட்டா. உலகம் அவரை ஃபோர்மிகா என்றுதான் அழைக்கும். போர்த்துகீசிய மொழியில் அதற்கு எறும்பு என்று அர்த்தம். சின்ன வயதில், தனக்கென்று ஆடாமல் கூட்டத்துக்காக ஓடிக்கொண்டே இருந்ததால் வந்த பட்டப்பெயர் அது. அவர் பிறந்த நாளில் பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படி தடை. நம்ப முடிகிறதா? பீலேயின் நாட்டில், 1941இல் போட்ட தடை 1979 வரை இருந்தது. பெண் உடம்புக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஃபோர்மிகாவுக்கு ஒரு வயது நிரம்பிய பிறகுதான் தடையே நீங்கியது. சட்டம் போனாலும் வீட்டில் போகவில்லை. தெருவில் பையன்களோடு பந்து விளையாடியதற்கு அண்ணன்களே எதிர்ப்பு. அவர் விடவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டம்தான் நினைவுக்கு வரும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒன்றாக இருந்த காலம் அது, 2004க்கு முன்னால். பெண் குழந்தை பிறந்தால் வீடு இருண்டுபோகும் ஊர்கள் இங்கே இருந்தன. 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமை என்ன என்று உங்களுக்கே தெரியும். அதே மண்ணில் இன்று ஒரு அப்பா, என் மகள் மிட்ஃபீல்டில் ஆடுகிறாள், அவளுக்கு என்ன வழி என்று கேட்கிறார். அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஃபோர்மிகாவுக்கு வருகிறேன். 1995இல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் போகும்போது வயது 17. அடுத்த வருடம் அட்லாண்டாவில் முதல்முறையாக ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்து சேர்க்கப்பட்டது, அதிலும் இருந்தார். அதற்கப்புறம் 1999, 2003, 2007, 2011, 2015, 2019 என்று ஒரு உலகக் கோப்பையும் விடவில்லை. மொத்தம் 7. கால்பந்தில் 7 உலகக் கோப்பை ஆடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஒலிம்பிக்கும் அப்படியே, அட்லாண்டாவில் தொடங்கி 2021இல் நடந்த டோக்கியோ வரைக்கும் 7. டோக்கியோவில் அவருக்கு 43 வயது. எதிரில் ஆடிய பிள்ளைகளில் பலர் அவர் முதல் உலகக் கோப்பை ஆடியபோது பிறந்திருக்கவே இல்லை. நாட்டுக்காக 200க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

இவ்வளவு நீண்ட வாழ்க்கையில் அவர் பெயர் தலைப்புச் செய்தியில் எத்தனை முறை வந்தது? குறைவுதான். செய்தியெல்லாம் அதே பிரேசில் அணியின் முன்வரிசையில் ஆடிய மார்த்தாவைப் பற்றி. மார்த்தா அதற்குத் தகுதியானவர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மார்த்தா முன்னால் சுதந்திரமாகச் சுழன்று ஆடினார் என்றால், பின்னால் எறும்பு காவல் இருந்தது ஒரு முக்கியமான காரணம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2007 உலகக் கோப்பை சீனாவில் நடந்தது. அரையிறுதியில் அமெரிக்காவை பிரேசில் 4-0 என்று தோற்கடித்தது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மார்த்தா முதுகைக் காட்டி நின்று பந்தைத் தட்டிச் சுழன்று அடித்த நாலாவது கோலைத்தான் பேசுவார்கள். முதல் கோல் எப்படி வந்தது? மைதானத்தின் மூலையிலிருந்து ஃபோர்மிகா தாழ்வாக அனுப்பிய கார்னர் பந்து. அமெரிக்க வீராங்கனை அதைத் தலையால் வெளியே தள்ளப் பாய்ந்து, தன் வலைக்குள்ளேயே போட்டுவிட்டார். பதிவேட்டில் அது அந்த வீராங்கனையின் பெயரில் சுய கோல். அப்படிப்பட்ட இடத்துக்குப் பந்தை அனுப்பியவர் பெயர் அந்த வரியில் இல்லை. உங்கள் பாப்பா மூன்று வருடத்தில் அடித்தது இரண்டு கோல் என்று எழுதியிருந்தீர்கள். அவள் தொடங்கி வைத்தது எத்தனை என்று யாராவது எழுதி வைத்தார்களா?

இறுதி ஆட்டங்களில் ஃபோர்மிகாவுக்கு அதிர்ஷ்டம் இல்லை. 2007 இறுதியில் ஜெர்மனியிடம் தோல்வி. 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங், இரண்டு ஒலிம்பிக் இறுதியிலும் கூடுதல் நேரத்தில் அமெரிக்காவிடம் தோற்று வெள்ளி. உலகத் தங்கம் ஒன்றுகூட இல்லாமல்தான் அவர் காலணியைக் கழற்றினார். அதனால் அவர் குறைந்தவர் என்று பந்து தெரிந்த ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

2015இல் கனடா உலகக் கோப்பையில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். அப்போது வயது 37. பெண்கள் உலகக் கோப்பையில் அதுவரை அந்த வயதில் யாரும் கோல் அடித்ததில்லை. அந்தக் கோலை பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். கொரியத் தடுப்பு ஆட்டக்காரர் கீப்பருக்குப் பின்னோக்கித் தள்ளிய பந்து வலுவில்லாமல் போகும். ஃபோர்மிகா அதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் மாதிரி ஓடிப்போய் எடுத்து உள்ளே தள்ளுவார். கால் வேகம் மட்டும் இருந்தால் அது முடியாது. என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே படித்த கண் வேண்டும். நடுக்களத்தில் ஆடுகிறவர்களுக்கு வயது ஏற ஏற அந்தக் கண் கூர்மையாகும். வேகத்தை நம்பி ஆடும் ஃபார்வர்டுகளில் பலர் 30 தாண்டியதும் திணறுவார்கள். நடுவில் ஆடுகிறவர்கள் நீண்ட நாள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016 ரியோ ஒலிம்பிக் முடிந்த பிறகு அந்த வருடக் கடைசியில் நாட்டு அணியிலிருந்து விலகினார். 2017இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. 39 வயதை நெருங்கும் ஒரு பெண்ணை ஐரோப்பாவின் பெரிய கிளப் ஒன்று கூப்பிடுகிறது, யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடமே பிரேசில் பயிற்சியாளரும் திரும்பி வரச் சொன்னார், ஏனென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. 2020-21இல் பாரிஸ் அணி பிரெஞ்சு லீக்கை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். அதற்கு முன் தொடர்ந்து 14 வருடம் லியோன் அணிதான் வென்றுகொண்டிருந்தது.

2019 உலகக் கோப்பையில் பிரான்ஸிடம் கூடுதல் நேரத்தில் தோற்று பிரேசில் வெளியேறிய இரவில் மார்த்தா கேமரா முன்னால் கண்ணீரோடு நின்று பேசினார். ஃபோர்மிகா எப்போதும் இருக்கப் போவதில்லை, நானும் இருக்கப் போவதில்லை, இனி வரும் பிள்ளைகள்தான் இந்த ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பொருளில் சொன்னார். முதலில் சொன்ன பெயர் எறும்பின் பெயர். அந்த ஆட்டத்தில் ஃபோர்மிகாவுக்கு வயது 41. பெண்கள் உலகக் கோப்பையில் அந்த வயதில் அதுவரை யாரும் ஆடியதில்லை.

அவருடைய கடைசி ஆட்டம் எந்த நாட்டோடு தெரியுமா? நம்மோடுதான். 2021 நவம்பர் 25, அமேசான் காட்டுப் பக்கத்தில் இருக்கும் மனாஸ் நகரம். பிரேசில் 6, இந்தியா 1. அந்த ஒரு கோலை அடித்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மனீஷா கல்யாண். ஆட்டத்தின் பிற்பகுதியில் ஃபோர்மிகா மாற்று வீராங்கனையாக இறங்கினார், மைதானமே எழுந்து கைதட்டியது. 26 வருட வாழ்க்கை அங்கே முடிந்தது. எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்தவர்கள் நம் நாட்டுப் பெண்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

பிரேசில் கதை கேட்க நன்றாக இருக்கிறது, நம் ஊருக்கு வருமா என்று நீங்கள் கேட்பீர்கள். வரும். கடலூருக்கு வாருங்கள்.

இந்துமதி கதிரேசன். 1994இல் பிறந்தவர், இந்திய அணியின் மிட்ஃபீல்டர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2017 ஜனவரி 4ஆம் தேதி சிலிகுரியில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம். பங்களாதேஷை இந்தியா 3-1 என்று வென்றது, மூன்றாவது கோல் இந்துமதியுடையது. அப்போது வயது 22. 2019இல் நேபாளத்தின் விராட்நகரில் அதே கோப்பையை இந்தியா மறுபடி வென்றது. அந்த அரையிறுதியில் பங்களாதேஷுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். இவர் முன்னேறி ஆடும் வகை மிட்ஃபீல்டர், அதனால் கோலும் வரும். ஃபோர்மிகா பின்னால் நின்று அடைக்கிற வகை. உங்கள் பாப்பா எந்த வகை என்று அவளுடைய பயிற்சியாளரிடம் கேளுங்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் அளந்தால் தப்பாகிவிடும்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனது. இதன் அருமை வெளியில் பலருக்குத் தெரியாது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் மலை மாதிரி. அந்தக் கோப்பையை வருடக்கணக்கில் தங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருந்தவர்கள். தமிழ்நாடு அதை வென்றது அதுதான் முதல்முறை. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாவது முறையும் எடுத்தோம். இடையில் 2019இல் மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது, இந்துமதி அந்த அணியின் முக்கியமான ஆள்.

அப்புறம் 2020 வந்தது. கொரோனா ஊரடங்கு. ஆட்டம் இல்லை, பயிற்சி இல்லை. இந்திய அணியின் மிட்ஃபீல்டர் காக்கி உடுப்பில், முகக்கவசத்தோடு சென்னைத் தெருவில் நின்று வண்டிகளை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். இதை நான் பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் சொல்வேன். பந்து அவருக்குக் கோப்பையோடு நிற்காமல் ஒரு அரசு வேலையையும், தெருவில் நின்றால் நாலு பேர் மதிக்கும் ஒரு உடுப்பையும் கொடுத்தது. மேலே போனால்தான் வாழ்க்கை, இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்கிற சூதாட்டம் இதில் இல்லை.

கடலூரில் இந்துமதி மட்டும் இல்லை, முன்வரிசையில் ஆடும் சந்தியா ரங்கநாதனும் அதே மாவட்டம். ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து இப்படி அடுத்தடுத்து வருவது தண்ணீரின் மகிமையோ ரத்தத்தின் மகிமையோ இல்லை. தினமும் சாயங்காலம் திறந்திருக்கும் ஒரு மைதானம், மழையிலும் வந்து நிற்கும் ஒரு பயிற்சியாளர், முன்னால் போன ஒரு அக்காவைப் பார்த்து வளரும் தங்கைகள். அவ்வளவுதான். நமக்கு இன்னும் அந்த முதல் அக்கா வரவில்லை. யாராவது ஒருத்தி ஆக வேண்டும்.

இன்னும் ஒரு பெயர், சுருக்கமாக. 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். தகுதிச் சுற்றில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்று ஆடி வென்று அந்தக் கோப்பைக்குள் நுழைந்தது அதுதான் முதல்முறை. இரண்டு கோலையும் அடித்தது முன்வரிசை ஆட்டக்காரர் இல்லை. சங்கீதா பாஸ்ஃபோர், மேற்கு வங்கத்தின் கல்யாணியைச் சேர்ந்த மிட்ஃபீல்டர், அவருக்கும் வேலை சசஸ்திர சீமா பல் என்னும் எல்லைக் காவல் படையில். உலகத்தின் சிறந்த வீராங்கனைக்குக் கொடுக்கும் பாலன் டி'ஓர் தங்கப் பந்தை 2021, 2022இல் அலெக்ஸியா புட்டெயாஸும் 2023, 2024, 2025இல் ஐத்தானா போன்மத்தியும் வாங்கினார்கள். வாங்கியபோது இரண்டு பேரும் பார்சிலோனா கிளப்பின் மிட்ஃபீல்டர்கள். அடுத்த விசேஷத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது பாப்பாவுக்கு வழி. பள்ளிக்கல்வித் துறையின் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். அணி தோற்றாலும் தனியாக நன்றாக ஆடும் பிள்ளையை மாவட்டத் தேர்வுக்கு எடுப்பார்கள், அதனால் தேர்வு நாள் எது என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டி தனி, அதற்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய், விளையாட்டு விடுதி சேர்க்கை எப்போது, கால்பந்துக்கு எந்த ஊரில் பெண்கள் விடுதி என்று கேளுங்கள். விடுதியில் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவல்துறைத் தேர்வில் தனி ஒதுக்கீடு உண்டு. இதற்கெல்லாம் கேட்பது சான்றிதழ். ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும், எந்த வருடம், எந்த நிலை என்று தெரியும்படி ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். கறையான் அரித்த சான்றிதழோடு அழுதுகொண்டு வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒன்று முழங்கால். முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அலெக்ஸியா புட்டெயாஸுக்கே 2022இல் ஐரோப்பியக் கோப்பை தொடங்கும் தறுவாயில் அறுந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு களத்துக்குத் திரும்ப அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்த அவருக்கே அப்படி என்றால், கல் கிடக்கும் மைதானத்தில் ஓடும் நம் பிள்ளைக்கு? ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது, 20 நிமிடம்தான். மெதுவான ஓட்டம், உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முட்டி உள்ளே சாயாமல் இறங்குவது. கருவி எதுவும் வேண்டாம், காசும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒழுங்காகச் செய்தால் காயம் கணிசமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீடியோ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பயிற்சியாளருக்கு நேரம் இல்லை என்றாலும் வீட்டு வாசலில் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது ரத்தம். மாதவிடாய் தொடங்கிய பிள்ளை, தினமும் ஓடுகிற பிள்ளை, காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டுப் பள்ளிக்கு வருகிறாள் என்றால் இரும்புச்சத்து குறையாமல் என்ன செய்யும்? "இப்பல்லாம் ரெண்டாவது பாதில ஆளே காணோம், சோம்பேறி ஆயிட்டா" என்று திட்டப்பட்ட பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்தால் ஹீமோகுளோபின் 9, 10 என்று இருக்கும். முதல் சில வருடங்கள் நானும் அப்படித் திட்டியிருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது. சோதனை இலவசம், மாத்திரையும் அங்கேயே கொடுப்பார்கள். வீட்டில் களியும் கீரைக் கடைசலும் இருக்கிறதே, அதைவிட நல்ல ஆட்டக்காரர் சாப்பாடு எது? கூட வேர்க்கடலை, முட்டை, ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு டீ குடிக்க விடாதீர்கள், சாப்பாட்டிலிருக்கும் இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது.

அடுத்து சொல்லப் போவது கஷ்டமான விஷயம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

என்னிடம் ஒரு பிள்ளை ஆடினாள். பெயர் வேண்டாம். 16 வருடத்தில் நான் பார்த்த மிட்ஃபீல்டர்களில் அவள்தான் முதல். பந்து வருவதற்கு முன்னால் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பாள், யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது. பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதிய கையோடு கல்யாணம் பேசிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நல்ல எடம் டீச்சர், ஓசூர் கம்பெனில வேல, விட்டா கெடைக்காது" என்றார்கள். சட்டப்படி 18 நிரம்பியிருந்தது, என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. நம் இரண்டு மாவட்டத்திலும் 18 நிரம்பாமலே முடித்துவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, அது உங்களுக்கும் தெரியும். இந்துமதி தெற்காசிய இறுதியில் கோல் அடித்தது 22 வயதில். ஃபோர்மிகா பாரிஸுக்குப் போனது 38 முடிகிற நேரத்தில். 18இல் நிறுத்தியிருந்தால் இரண்டு பேரையும் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. மிட்ஃபீல்டர் பழுப்பதற்கு நேரம் எடுக்கும். அண்ணா, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாப்பாவுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். 23, 24 வரைக்கும் யாரும் பெண் கேட்டு வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவள் நாட்டு அணிக்குப் போகாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு பட்டமும், கோப்பு நிறையச் சான்றிதழும், ஒரு வேலைக்கான வாய்ப்பும் கையில் இருக்கும்.

கடைசியாக அந்த இரண்டு கோல் கணக்கு. முன்பெல்லாம் எங்கள் பள்ளியில் ஆட்டம் முடிந்ததும் கரும்பலகையில் கோல் அடித்தவள் பெயரை மட்டும் எழுதுவோம். நான் மேலே சொன்ன பிள்ளையின் பெயர் நாலு வருடத்தில் மூன்று தடவைதான் அந்தப் பலகையில் வந்திருக்கும். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு ஆட்டத்திலும், வெளியில் உட்கார்ந்திருக்கும் மாற்றுப் பிள்ளை ஒருத்தி நடுக்களத்தில் ஆடுகிறவளுக்கு மட்டும் கோடு போட வேண்டும். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தது எத்தனை. கொடுத்த பாஸில் நம் ஆளுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது எத்தனை, தவறியது எத்தனை. பந்து வாங்கும் முன் தலையைத் திருப்பிப் பார்த்தது எத்தனை. ஆட்டம் முடிந்ததும் அந்த எண்களும் கரும்பலகைக்குப் போகும். முதல் தடவை எழுதியபோது ஒரு பிள்ளை பலகைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தாள். பறித்தது 19 என்று அவள் பெயருக்கு நேரே எழுதியிருந்தது. அவள் அதுவரை ஒரு கோலும் அடித்ததில்லை.

பாப்பாவின் அடுத்த ஆட்டத்துக்கு நீங்களே போங்கள். மண்டியில் சீட்டு எழுதுகிற நோட்டே போதும். பந்தைப் பார்க்காமல் பாப்பாவை மட்டும் முழு ஆட்டமும் பாருங்கள், முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் கண் பழகிவிடும். மேலே சொன்ன மூன்றையும் கோடு போட்டு எண்ணி, முதல் பாதி தனி, இரண்டாவது பாதி தனி என்று எனக்கு எழுதுங்கள். இரண்டாவது பாதியில் எண்ணிக்கை மொத்தமாக விழுந்தால் முதலில் ரத்தச் சோதனை. திரும்பிப் பார்ப்பது மட்டும் குறைவாக இருந்தால் அதற்கு வீட்டுச் சுவரில் பந்தடித்துச் செய்யும் ஒரு பயிற்சி இருக்கிறது, எண்களைப் பார்த்துவிட்டு அதை விளக்கி எழுதுகிறேன்.